நோயாளி வாசலைத் தாண்டிய பிறகு: ஆரம்ப சுகாதாரத்தில் பாதுகாப்பை எங்கே தொடங்குவது?

சிறிய ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் பொறுப்பை ஏற்றிருக்கிறீர்கள். இரண்டு மருத்துவர்கள், நான்கு செவிலியர்கள், ஒரு மருந்தாளுநர். தனி நிதி எதுவும் கிடையாது. நோயாளிகளின் பாதுகாப்பை மேம்படுத்த எங்கே தொடங்குவது, செய்தது பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் தொடங்குங்கள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பரிசோதனையையும் அதில் எழுதி, எதிரே மூன்று கட்டங்கள் போடுங்கள்: முடிவு வந்ததா, மருத்துவர் பார்த்தாரா, நோயாளிக்குச் சொல்லியாயிற்றா. குழு அமைப்பது, சுவரொட்டி ஒட்டுவது, பயிற்சி வகுப்பு நடத்துவது எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நோட்டுக்கு இவ்வளவு முக்கியத்துவமா என்று தோன்றும். காரணத்தைச் சொல்கிறேன்.

மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் நோயாளிக்குத் தவறான ஊசி போட்டால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். அவர் கண்ணெதிரே இருக்கிறார். நம்மிடம் வருபவரோ ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். நாம் செய்த தவறு மூன்று வாரம் கழித்து, வேறோர் இடத்தில், வேறொரு மருத்துவர் முன்னால் வெளிப்படுகிறது. நமக்குச் சேதி வருவதே இல்லை. அதனால்தான் ஆரம்ப சுகாதாரம் ஆபத்தில்லாத இடம் என்ற எண்ணம் வெகுகாலம் நீடித்தது. 1999-இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) வெளியிட்டு உலகையே உலுக்கிய அறிக்கைகூட, மருத்துவமனைகளில் தவறுகளால் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை இறக்கிறார்கள் என்றுதான் கணக்குச் சொன்னது. வெளிநோயாளிகள் அந்த எண்ணிக்கையில் இல்லை. உலக சுகாதார நிறுவனம் இன்று தரும் மதிப்பீட்டின்படி, ஆரம்ப சுகாதாரத்திலும் புறநோயாளிப் பிரிவிலும் பத்தில் நான்கு பேர் வரை ஏதோ ஒரு தீங்குக்கு உள்ளாகிறார்கள். அதில் 80 சதவீதம் வரை தவிர்த்திருக்கக் கூடியது. இவை உச்ச அளவுகள். உங்கள் நிலையத்தின் கணக்காக அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பெரும் சேதம் எங்கே விளைகிறது என்பதில் ஐயமில்லை: நோயைக் கண்டறிவதில், மருந்து எழுதுவதில், அந்த மருந்தை உட்கொள்வதில்.

நான் நோட்டுக்கு மாறிய கதை இது. இதயச் செயலிழப்புக்கு எனாலாப்ரில், ஸ்பைரனோலாக்டோன் என்ற, ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய இரு மருந்துகளைச் சாப்பிட்டுவந்த முதியவர் ஒருவருக்கு வியாழக்கிழமை ரத்தம் எடுத்து அனுப்பினோம். வெள்ளி மாலை முடிவு வந்தது. அன்று நான் விடுப்பு. எனக்குப் பதிலாக வந்த மருத்துவர், தாம் எழுதிய பரிசோதனைகளைத்தான் தாம் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். செவிலியர், தட்டில் வைத்தாலே மருத்துவர் பார்த்துவிடுவார் என்று நினைத்தார். நோயாளியோ, ஏதாவது இருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள் என்று வீட்டில் காத்திருந்தார். திங்கட்கிழமை காலை தட்டைத் துடைப்பதற்காகத் தாள்களை எடுத்தபோது, மருந்து ரசீதுகளுக்கு அடியில் அந்தச் சீட்டு இருந்தது. பொட்டாசியம் 6.8. இதயம் எந்த நொடியும் நின்றுவிடக்கூடிய அளவு. தொலைபேசியில் அவர் குரல் கேட்கும் வரை என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் பிழைத்தார். அது எங்கள் திறமையால் நடந்ததல்ல.

அன்று நாங்கள் உட்கார்ந்து பேசியபோது, யாரைக் குற்றம் சொல்வது என்றே தெரியவில்லை. ஒவ்வொருவரும் தம் வேலையைச் செய்திருந்தார்கள். ஒருவர் வேலை முடிந்து அடுத்தவர் வேலை தொடங்கும் இடத்தில்தான் சீட்டு விழுந்துவிட்டது. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. அமெரிக்காவில் 23 ஆரம்ப மருத்துவ நிலையங்களின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகளைப் புரட்டி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கத்துக்கு மாறாக வந்த முடிவுகளில் ஏறத்தாழ பதினான்கில் ஒன்று நோயாளிக்குச் சொல்லப்படவே இல்லை, அல்லது சொன்னதற்கான பதிவே இல்லை. பாதி தாளிலும் பாதி கணினியிலும் பதிவுகளை வைத்திருந்த நிலையங்கள்தான் அதில் பின்தங்கியிருந்தன. எனவே நோட்டோ கணினியோ, ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் பாதி பாதி வேண்டாம்.

நோட்டு வேலை செய்ய வேண்டுமானால் இரண்டு ஏற்பாடுகள் தேவை. ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கும் பொறுப்பு ஒரே ஒருவருடையது என்று பெயர் எழுதி ஒட்டுங்கள். எல்லோரும் பார்ப்பார்கள் என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். வெள்ளிக்கிழமை மூடுவதற்கு முன் காலியாக உள்ள கட்டங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, அன்றே தொலைபேசியில் கூப்பிடுங்கள். இத்துடன், "ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற வாக்கியத்தை உங்கள் நிலையத்தில் யாரும் சொல்லக் கூடாது. அதற்குப் பதிலாக, "செவ்வாய்க்கிழமைக்குள் எங்களிடமிருந்து தகவல் வரும். வரவில்லை என்றால் நீங்களே கூப்பிட்டுக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். நல்ல முடிவையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் மௌனத்துக்கு ஏதோ கோளாறு என்று பொருள் வரும். மேல்சிகிச்சைக்கு அனுப்பிய கடிதங்களுக்கும் இதே நோட்டில் நான்கு பக்கம் ஒதுக்கிவிடுங்கள். புற்றுநோய் என்று ஐயப்பட்டு அனுப்பியவர் அங்கே போனாரா என்று ஆறு மாதம் கழித்து யோசிப்பதில் பயனில்லை.

அடுத்து மருந்து. அதிக நேரத்தை இதில்தான் செலவிட வேண்டியிருக்கும். இங்கிலாந்தின் பொது மருத்துவ நிலையங்களில் செய்து 2012-இல் வெளியான ஆய்வு ஒன்றில், எழுதப்பட்ட மருந்துகளில் இருபதில் ஒன்றில் தவறு இருந்தது. 550-இல் ஒன்றில் கடுமையான தவறு. முறையாகப் பயிற்சி பெற்று நல்ல கணினி வசதியோடு வேலை செய்பவர்களின் நிலை அது.

ஒரு சின்னக் கணக்கைப் பாருங்கள். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 120 மி.கி. பாராசிட்டமால் தேவை. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் 5 மி.லி. கொடுக்க வேண்டும். ஆனால் கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. இருப்பதுண்டு. "5 மி.லி. கொடுங்கள்" என்று நாம் சொன்னதை நினைவில் வைத்திருக்கும் தாய், வீட்டில் இருக்கும் சொட்டு மருந்தில் 5 மி.லி. ஊற்றினால் குழந்தைக்குள் போவது 500 மி.கி. நான்கு மடங்குக்கும் மேல். ஒரு நாளில் நான்கு முறை, இரண்டு மூன்று நாள் என்று இது தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது. அந்தத் தாய் நாம் சொன்ன சொல்லைத் தவறாமல் கடைப்பிடித்தவர். குழந்தையின் எடையை அன்றே பார்த்து, மி.கி., மி.லி. இரண்டையும் சீட்டில் எழுதி, எந்தப் புட்டி என்றும் குறித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் அந்த அளவு வரை கோடு போட்டுக் கையில் கொடுங்கள். கரண்டி வேண்டாம். கரண்டிகள் ஒரே அளவில் இருப்பதில்லை.

மெத்தோட்ரெக்ஸேட் இன்னொன்று. முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மாத்திரை. அதைத் தினமும் சாப்பிட்டு ரத்த அணுக்கள் அழிந்து இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். அதனுடன் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் அதே போலச் சின்னதாக, மஞ்சளாக இருக்கும். "வாரம் ஒருமுறை" என்று எழுதினால் போதாது. "திங்கட்கிழமை மட்டும்" என்று கிழமையை எழுதுங்கள். ஒரு மாதத்துக்கு நான்கைந்து தவணைக்கு மேல் கொடுக்காதீர்கள். வீட்டில் மிச்சம் இருந்தால்தானே தவறு பெருகும்.

பெயர்க் குழப்பமும் உண்டு. அமிலச் சுரப்பைக் குறைக்கும் லோசெக் என்ற மருந்தை அமெரிக்காவில் நீர்ப்பெருக்கி (சிறுநீரை அதிகம் வெளியேற்றும்) மருந்தான லாசிக்ஸோடு குழப்பிக்கொண்டதால், 1990-இல் அதன் பெயரையே பிரிலோசெக் என்று மாற்ற வேண்டியதாயிற்று. நம்மால் பெயரை மாற்ற முடியாது, அலமாரியை மாற்றலாம். அகர வரிசையில் அடுக்கினால் ஒத்த பெயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். உங்கள் மருந்தாளுநரிடம், தாம் கைதவறி எடுத்த ஜோடிகளைச் சொல்லச் சொல்லுங்கள். அவருக்கு நிச்சயம் தெரியும். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஜோடிகளை வெவ்வேறு தட்டுகளுக்கு மாற்றிவிடுங்கள். அரை நாள் வேலை.

மருந்தாளுநரைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 72 பொது மருத்துவ நிலையங்களில் ஒரு சோதனை நடந்தது. முடிவுகள் 2012-இல் வெளிவந்தன. மருந்தாளுநர் ஒருவர் ஆபத்தான மருந்துச் சேர்க்கை உள்ள நோயாளிகளின் பட்டியலை எடுத்து, மருத்துவர்களோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினார். கணினி எடுத்த அறிக்கையை மட்டும் பெற்ற நிலையங்களைவிட இவற்றில் தவறுகள் தெளிவாகக் குறைந்தன. அவர்கள் தேடிய ஆட்கள் யார் தெரியுமா? வயிற்றுப் புண் வந்தவர்களுக்கு, வயிற்றைக் காக்கும் மருந்து இல்லாமல் இபுப்ரோஃபென் வகை வலி நிவாரணி கொடுத்திருந்தால் அவர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு, இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்து எழுதியிருந்தால் அவர்கள். ரத்த அழுத்த மாத்திரையோ நீர்ப்பெருக்கி மாத்திரையோ நெடுங்காலமாகச் சாப்பிட்டும், சிறுநீரகமும் உப்பும் எப்படி இருக்கின்றன என்று ரத்தம் பார்க்காத முதியவர்கள். இந்த மூன்று கேள்விகளையும் நாளைக்கே உங்கள் கோப்புகளிடம் கேட்கலாம். நான்காவதாக நான் ஒன்று சேர்ப்பேன்: எனாலாப்ரில் வகை ரத்த அழுத்த மருந்து, நீர்ப்பெருக்கி, இபுப்ரோஃபென் வகை வலி நிவாரணி மூன்றையும் ஒரே நேரத்தில் சாப்பிடுபவர்கள். சிறுநீரகத்துக்கு இதைவிடக் கெட்ட கூட்டு அரிது. மூன்றாவது மருந்தை அவர்கள் பெரும்பாலும் சீட்டில்லாமல் கடையில் வாங்கியிருப்பார்கள். அதனால்தான், ஆண்டுக்கு ஒருமுறையாவது வீட்டில் இருக்கும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். மேசையில் கொட்டிப் பார்த்தால், ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இருப்பது கண்ணில் படும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்களுக்கு ஆண்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் வாரத்திலேயே பையோடு வரட்டும்.

தடுப்பூசி வைக்கும் குளிர்சாதனப் பெட்டியை இன்றே திறந்து பாருங்கள். 2014-இல் சிரியாவின் இத்லிப் பகுதியில், தட்டம்மைத் தடுப்பூசிப் பொடியைக் கரைக்கும் நீருக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மயக்கவியல் மருந்தைக் கலந்துவிட்டார்கள். 15 குழந்தைகள் இறந்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஜூலையில், பசிபிக் தீவு நாடான சமோவாவில் அதே போன்ற தவறு நடந்தது. இரண்டு குழந்தைகள் சில நிமிடங்களில் இறந்துபோனார்கள். ஊசி போட்ட இரண்டு செவிலியர்களும் சிறைக்குப் போனார்கள். தடுப்பூசித் திட்டம் பல மாதங்கள் நின்றது. மக்களின் நம்பிக்கை உடைந்தது. 2019 இறுதியில் தட்டம்மை பரவியபோது 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஒரு குப்பி மாறியதில் ஒரு நாடே குழந்தைகளை இழந்தது. உலகின் இரு கோடிகளில், ஒருவரையொருவர் அறியாத ஆட்கள் ஒரே தவறைச் செய்திருக்கிறார்கள் என்றால், கோளாறு அந்த ஆட்களோடு முடிந்துவிடுவதில்லை. தசைகளைச் செயலிழக்கச் செய்யும் அந்த வகை மருந்துகளில் சிலவற்றையும் 2 முதல் 8 டிகிரி குளிரில்தான் வைக்க வேண்டும். குப்பியும் சிறியது, நீர்போலத் தெளிந்தது. எனவே தடுப்பூசியும் அதற்குரிய கரைப்பானும் தவிர வேறெதுவும் அந்தப் பெட்டியில் இருக்கவே கூடாது. கரைத்த தட்டம்மைத் தடுப்பூசியை ஆறு மணி நேரத்துக்குள், அல்லது அன்றைய அமர்வு முடிந்ததும், எது முந்தியதோ அப்போது கொட்டிவிட வேண்டும். கரைத்த நேரத்தைக் குப்பியின் மேலேயே எழுதுங்கள்.

நோயைக் கண்டறிவதில் நேரும் தவறு கையில் பிடிக்க முடியாதது. அமெரிக்கப் புறநோயாளிகளைப் பற்றி 2014-இல் வந்த மதிப்பீடு, ஆண்டுக்கு இருபது பெரியவர்களில் ஒருவருக்கு நோயைக் கண்டறிவதில் தவறு நேர்கிறது என்கிறது. நம்மிடம் நோய் முதல் நாளில் வருகிறது. முதல் நாளில் மூளைக்காய்ச்சலும் சாதாரணக் காய்ச்சலும் ஒரே முகத்தோடு வரும். எவ்வளவு படித்தவரும் சில நேரம் தவறுவார். அந்தத் தவறு உயிரைக் குடிப்பதற்கு முன் நோயாளி திரும்பி வர வழி வைத்திருக்கிறோமா என்பதைத்தான் நாம் பார்த்துக்கொள்ள முடியும். பிரிட்டிஷ் மருத்துவர் ரோஜர் நெய்பர் 1987-இல் இதற்குப் பாதுகாப்பு வலை விரித்தல் என்று பெயர் வைத்தார். என் கணிப்பு சரியானால் என்ன நடக்க வேண்டும், அது தவறு என்றால் எப்படித் தெரியும், அப்போது என்ன செய்வது என்று மருத்துவர் தம்மையே கேட்டுக்கொண்டு, விடையை நோயாளியிடம் சொல்லி அனுப்புவது.

"ஏதாவது என்றால் வாருங்கள்" என்பது வலை ஆகாது. எது அந்த 'ஏதாவது' என்று தாய்க்கு எப்படித் தெரியும்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நாளை மறுநாளுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும் என்று நினைக்கிறேன். இறங்காவிட்டால் திரும்ப வாருங்கள். அதற்கு முன்பே குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் தோன்றினாலோ, நள்ளிரவானாலும் காத்திருக்க வேண்டாம். திரும்பி வருவதற்கு யாரும் உங்களைக் கடிந்துகொள்ள மாட்டார்கள்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். திட்டு விழும் என்ற பயத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று உங்கள் மருத்துவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உலக மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் வாழும் நாடுகளில் ஆரம்ப மருத்துவர் ஒரு நோயாளிக்குச் சராசரியாக ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவாகவோதான் ஒதுக்க முடிகிறது. ஆனால் நோயாளியைப் பேசவிட்டால் பேசிக்கொண்டே இருப்பார் என்ற பயம் மட்டும் வேண்டாம். 1984-இல் வந்த அமெரிக்க ஆய்வில், மருத்துவர்கள் சராசரியாக 18 நொடிகளில் குறுக்கிட்டார்கள். 2002-இல் சுவிட்சர்லாந்தில் குறுக்கிடாமல் கேட்டுப் பார்த்தார்கள். நோயாளிகள் சராசரியாக 92 நொடிகளில் தாமே நிறுத்திக்கொண்டார்கள். ஒன்றரை நிமிடம். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு "இன்னொன்று, டாக்டர், நெஞ்சில் ஒரு அழுத்தம்..." என்று தொடங்குபவரைவிட அது மலிவு.

அதே போல, "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். "நான் சரியாக விளக்கினேனா என்று பார்க்க வேண்டும். இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பழுது நம் விளக்கத்தில்தான் என்று முதலிலேயே ஏற்றுக்கொள்வதால் அவருக்கும் கூச்சம் இருக்காது.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்களுக்குத் தெரிந்தவைதான். ஒரு சிரிஞ்ச் ஒருவருக்கு மட்டும். பல தவணை மருந்துக் குப்பிக்குள் பயன்படுத்திய ஊசி மீண்டும் போகக் கூடாது. பாதுகாப்பற்ற ஊசிகளால் 2000-ஆம் ஆண்டில் மட்டும் 2.1 கோடிப் பேருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றியிருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. பெயரோடு பிறந்த தேதியையும் கேட்டே ஊசியும் மருந்தும் கொடுங்கள். ஒவ்வாமை என்றால் எந்த மருந்து, என்ன ஆயிற்று, எப்போது என்று மூன்றையும் எழுதுங்கள். அவசர மருந்துத் தட்டில் அட்ரினலின் காலாவதி ஆகவில்லையே என்று மாதத்தின் முதல் நாள் பாருங்கள். கடும் ஒவ்வாமை அதிர்ச்சியில் பெரியவர்களுக்கு, 1 மி.லி.யில் 1 மி.கி. உள்ள குப்பியிலிருந்து அரை மி.லி., தொடைத் தசையில். இதை மூடியின் மேல் பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள், பதற்றத்தில் மனக்கணக்கு வராது.

கடினமானது ஒன்று மிச்சம் இருக்கிறது. தவறை வெளியே சொல்ல வைப்பது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் சொன்னதுபோல, ஒவ்வொரு தடுப்பிலும் ஓட்டைகள் இருக்கின்றன. எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வரும் நாளில்தான் தீங்கு நேர்கிறது. அந்த ஓட்டைகள் எங்கே என்று தெரிந்தவர்கள் உங்கள் செவிலியர்கள். அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், திறந்தால் என்ன நடக்கும் என்று அனுபவத்தில் தெரியும். வாரம் இருபது நிமிடம் எல்லோரும் உட்காருங்கள். முதல் வாரம் நீங்களே, பொறுப்பில் இருப்பவர், உங்களுடைய தவறு ஒன்றைச் சொல்லுங்கள். பழைய கதையாக வேண்டாம், அந்த மாதத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். பிறகு "இது மறுபடி நடக்காமலிருக்க எதை மாற்றலாம்?" என்று மட்டும் கேளுங்கள். "இனி கவனமாக இருப்போம்" என்பதை விடையாக ஏற்காதீர்கள். களைத்த மனிதரிடம் கவனத்தைக் கடன் கேட்க முடியாது. தட்டை மாற்றலாம், சீட்டை மாற்றலாம், யார் பார்ப்பது என்பதை மாற்றலாம். தெரிந்தே விதியை மீறுகிறவரையும் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறவரையும் இதில் சேர்க்காதீர்கள், அதற்குத் தனி வழி இருக்கிறது. தீங்கு நேர்ந்த நோயாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, மன்னிப்புக் கேளுங்கள். நான் அந்த முதியவரிடம் சீட்டைக் காட்டிச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "மற்றவர்களுடைய சீட்டுகளும் அப்படிக் கிடக்கின்றனவா?"

பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. ஒவ்வொரு வெள்ளியும் நோட்டில் சிவப்பு வட்டங்களை எண்ணுங்கள். மாதம் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு இருபது கோப்புகளை எடுத்து, ஒவ்வாமை எழுதியிருக்கிறதா, குழந்தையின் எடை இருக்கிறதா, அந்த நான்கு ஆபத்தான சேர்க்கைகளில் ஏதாவது உண்டா என்று பாருங்கள். இருபது போதும். முதல் இரண்டு மூன்று மாதங்களில் பதிவாகும் தவறுகளின் எண்ணிக்கை ஏறும். இதுவரை கண்ணில் படாமல் இருந்தவை வெளியே வருகின்றன. மேலே இருந்து யாராவது அந்த எண்ணைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்கக்கூடும். ஏறுவது தவறுகள் பெருகியதால் இருக்க வேண்டியதில்லை, நீங்கள் எண்ணத் தொடங்கியதால்தான் என்று அவர்களுக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள். செவிலியர்கள் மேல் விசாரணை என்று ஏதாவது வந்துவிட்டால், அந்த நோட்டில் மறுபடியும் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள்.